குரல் நடுங்கக் கூடாது

கிரேக்க நாட்டின் பத்ராஸ் நகர நீதிமன்றத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த தெஸ்பினாவுக்குக் கை நடுங்கி, காப்பி கோட்டில் சிந்தியது.

“முதல் கேஸாம்மா?” என்றார் பக்கத்திலிருந்த நரைத்த தாடிக்காரர். மடியில் தோல்பை, விரலில் உருளும் மணிச்சரம்.

“ஆமா சார். வாயே வராதுன்னு தோணுது. பேசாம ஊருக்குப் போய் அப்பாகூட ஆலிவ் பறிக்கலாம்.”

“ஆலிவ் எங்க ஓடிடப் போகுது? நான் ஒம்பது வருஷமா இங்க வாதாடறேன். சட்டம் தெரியுதோ இல்லையோ, குரல் நடுங்கக் கூடாது. எதிராளி கண்ணை நேரா பாரு. இரக்கப்பட்டா தொலைஞ்ச!”

“எதிராளி பெரிய கில்லாடியாம் சார்.”

“எவனா இருந்தா என்ன? உன்னைப் பாத்து அவன்தான் பயப்படணும்.” கண்பட்டுவிடக் கூடாதென்று “த்தூ, த்தூ, த்தூ” என்று துப்புவதுபோல் செய்தவர், மணிச்சரத்தை அவள் கையில் திணித்தார். “இதை உருட்டு. நடுக்கம் நின்னுடும்.”

நின்றேவிட்டது.

உள்ளே, நீதிமன்ற ஊழியர் உரக்கக் கூப்பிட்டார். “சட்டம் படிக்காமலே ஒன்பது வருடம் வக்கீலாக நடித்து ஏமாற்றிய வழக்கு. குற்றம் சாட்டப்பட்ட மானோலிஸ்!”

தாடிக்காரர் எழுந்து முன்னால் வந்தார். அரசு வழக்கறிஞர் இடத்தில் நின்றிருந்த தெஸ்பினாவைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது.

ஒரு கணம் திகைத்த தெஸ்பினா, மணிச்சரத்தை உருட்டினாள். அவர் கண்ணை நேராகப் பார்த்தாள். குரல் நடுங்கவில்லை. இரக்கமும் காட்டவில்லை.

இரண்டு வருடம் சிறை.

வெளியே அவள் மணிச்சரத்தை நீட்டியபோது, “நீயே வெச்சுக்கம்மா” என்ற மானோலிஸ், அழைத்துப்போன போலீஸ்காரரிடம் பெருமை தாங்காமல் சொன்னார்:

“எப்படிப் பேசினா பாத்தீங்களா? நம்ம ஜூனியர்!”