நான்காவது கன்று

புகாண்டாவின் இந்த மேட்டில் மூடுபனி இன்னும் விலகவில்லை. நகிட்டோ வாழைத் தோப்பில் மண்டியிட்டுக் கன்று தோண்டுகிறாள். பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடியை வாழை மூட்டில் புதைப்பது இங்கே வழக்கம், பிள்ளைக்கொரு மரம். வெள்ளைக்காரத் துரை கோடு கிழித்து, மேட்டை யாரோ ஒரு தலைவன் பேருக்கு எழுதிவிட்டான்; இவர்கள் காலி செய்ய வேண்டும். அவள் புருஷன் கிகுலேவுக்குச் சதுப்புக்கு அந்தப் பக்கம் சொந்த நிலம், பத்திரத்தோடு; இன்று அங்கே குடிபோகிறார்கள். இலைகளிலிருந்து பனி அவள் முதுகில் சொட்டுகிறது. கூடையில் மூன்று கன்றுகள், உயிரோடிருக்கும் மூன்று பிள்ளைகளுக்கு. நான்காவது மரத்தின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. கைக்குழந்தையாகவே போய்விட்ட நந்தேசாவின் மரம் அது. "கிளம்பலாங்க," என்கிறாள். திரும்பிப் பார்க்கிறாள். கிகுலே அந்த மரத்தடியில்தான் நிற்கிறான், முழங்கை வரை சேறு. பத்திரம் வாங்கப் போனபோது உடுத்திய புது மரவுரியில் ஒரு சின்னக் கன்றை வேரும் மண்ணுமாகச் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு, மெல்லத் தட்டிக்கொடுக்கிறான். "நல்ல துணியப் போய் பாழாக்கிட்டீங்களே!" என்கிறாள், குரல் உடைகிறது. "இருக்கட்டும் புள்ள. அது நம்ம நிலம். அங்கேருந்து இவளை யாரும் கிளம்புன்னு சொல்ல முடியாது."