ஆளுக்குப் பதில் ஆள்

ஓர்ஸ் ஹில் மண்டபத்தில் ஒரு கதிரைகூட வெறுமையாக இருக்கவில்லை. இடமின்றிப் பின்சுவரில் சாய்ந்து நின்றவர்களையும் கண்டபோது, திட்டமிடல் உத்தியோகத்தர் ஸஹ்ராவுக்குத் துறைமுகக் காற்று முழுவதும் தன் நெஞ்சுக்குள் புகுந்துவிட்டது போலிருந்தது.

மாவட்டத்து வைத்தியசாலைகளிலும் முதியோர், சிறுவர் இல்லங்களிலும் கணினி வேலை பார்ப்பவர்களை ஒரே வலையமைப்பில் இணைப்பதற்காக அவள் இரண்டு வருடங்கள் அலைந்திருந்தாள். ஓர் இடத்துக்கு ஒருவர்தான் அப்படி இருந்தார். அவருக்கு ஒரு சந்தேகம் வந்தால் கேட்க நாதியில்லை. போன மாதம் மூதூர்ப் பக்கத்துச் சிறிய வைத்தியசாலை ஒன்றில் பதிவுக் கணினி முடங்கி, நோயாளர்கள் நண்பகல்வரை வெயிலில் காய்ந்தார்கள். அதே கோளாறைக் கிண்ணியாப் பக்கத்தில் ஒருவர் முந்திய வாரமே தேநீர் ஆறுவதற்குள் சரிசெய்திருந்தார். இவரை அவருக்குத் தெரியாது. அவரை இவருக்கும் தெரியாது.

"ஒருக்காவது என்ட வேல செய்யிற இன்னொராளப் பார்த்துக் கதைக்கோணும் மிஸ்," என்று அந்த மூதூர் முனீப் தொலைபேசியில் சொன்னது இன்னும் அவளது காதில் நின்றது.

இன்றுதான் அவர்களுக்கான முதல் கூட்டம். சற்று நேரத்தில் பணிப்பாளர் டொக்டர் குணேஸ்வரி வருவார். உரியவர்கள் வந்திருந்தால் மாதாந்தக் கூட்டத்துக்கு அனுமதி. இல்லாவிட்டால் இந்த முயற்சிக்கு இன்றோடு முற்றுப்புள்ளி. அப்படித்தான் அவர் கண்டிப்பாகக் கூறியிருந்தார்.

ஸஹ்ரா புரொஜெக்டரை இயக்கினாள். அது வெறும் நீல நிறத்தைத் தவிர வேறெதையும் காட்ட மறுத்தது.

"இவ்வளவு கெட்டிக்காரர் இருக்கிற இடத்தில இதுக்கு இந்தக் கொழுப்போ? ஆராவது ஒருக்கா வந்து பாருங்களன்," என்றாள் சிரித்துக்கொண்டே.

எவரும் சிரிக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த பருத்த மனிதர் மட்டும் எழுந்து வந்து, புரொஜெக்டரின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"வாகனமெண்டா இதுக்கு ஸ்டார்ட் வந்திரும் மிஸ்."

ஸஹ்ரா தன் அலுவலகத்தில் கணினி வேலை பார்க்கும் இன்பாஸைத் தொலைபேசியில் அழைத்தாள். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொன்ன அவன், "நான் வேணுமெண்டா ஓடி வரட்டா மிஸ்? அஞ்சு நிமிசந்தானே," என்றான். "வேணாம், வேணாம். படம் வந்திட்டுது," என்று அவள் அழைப்பைத் துண்டித்தாள்.

பிறகு அந்தப் பருத்த மனிதரிடம் திரும்பி, அண்ணன் முறை வைத்துக் கேட்டாள். "நானா, நீங்க எங்க வேல?"

"மூதூர்ப் பக்கம் மிஸ். பேர் ஸெய்னுதீன். அம்பியுலன்ஸ் ஓடுற."

"அப்ப முனீப் எங்க?"

"அவன்ட பேரத்தான் மிஸ் குடுத்த. அவன் வந்தா அங்க வேலய ஆர் பாக்கிற எண்டு, பெரியவர் என்னைய ஏத்தி உட்டுட்டார்."

ஸஹ்ரா பக்கத்துக் கதிரையில் கைப்பையை மடியில் அணைத்தபடி இருந்த அம்மாவைப் பார்த்தாள். "நீங்கள்?"

"அன்னலட்சுமி, பிள்ளை. முதியோர் இல்லத்துக் குசினியில சமைக்கிறனான். கட்டாயம் ஒராள் போகோணுமாம். இண்டைக்குச் சமையல் வெள்ளென முடிஞ்சுது, வந்தனான்."

"கொம்பியூட்டர் தெரியுமோ அம்மா?"

"தூசு தட்டியிருக்கிறன்."

வரிசை வரிசையாக அவள் விசாரித்தாள். ஒருவர் தோட்டம் பார்ப்பவர். ஒருவர் காவலாளி. இன்னொருவர் அடுத்த மாதம் ஓய்வு பெறப் போகிறவர். போகுமுன் ஒரு செமினாராவது பார்க்கட்டும் என்று மனமிரங்கி அனுப்பியிருந்தார்கள். கணினியோடு மல்லுக்கட்டுபவர் என்று சொல்ல அந்த மண்டபத்தில் ஒருவர்கூட இல்லை.

விறாந்தைக்கு வந்து நிறுவனத் தலைவர்களை ஒவ்வொருவராக அழைத்தாள். எல்லோரும் ஒரே வாய்ப்பாட்டையே ஒப்புவித்தார்கள்: "அவரை அனுப்பினா இங்க ஆர் மிஸ் பார்க்கிறது?" ஒருவர் ஒரு படி மேலே போய், "ஆள் வந்ததுதானே? பிறகென்ன?" என்று அவளையே கேட்டார். கைத்தொலைபேசியைக் கீழே தெரிந்த கடலில் வீசிவிடலாமா என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

அந்நேரம் வாசலில் வாகனம் வந்து நின்றது. இறங்கிய குணேஸ்வரி மண்டபத்தை எட்டிப் பார்த்து, "நல்ல கூட்டம் போல," என்றார்.

ஸஹ்ராவால் பொய் சொல்ல முடியவில்லை. நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். "இது என்ன மனநிலை டொக்டர்? ஒரு நாள், ஒரேயொரு நாள் அந்தப் பிள்ளையள விட ஏலாதா? அவங்க மனிசரில்லையா? தனியக் கிடந்து சாகிறாங்க! இவங்களுக்கு ஒரு சொட்டும் விளங்குதில்ல!"

குணேஸ்வரி அவள் கையிலிருந்த அனுமதிக் கடிதத்தை வாங்கினார். பின்பு பேனாவைத் திறந்தார்.

"நீங்கள் சொல்லுறது முழுக்கச் சரி, ஸஹ்ரா. அனுமதி தாறன். மாசத்தில ஒரு நாள், உரிய ஆள்தான் வரோணும். பதில் ஆள் ஏலாது."

ஸஹ்ராவின் கண்கள் கலங்கின.

"ஆனா சும்மா கடதாசியில சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டினம். முன்மாதிரியா எங்கட ஒஃபிஸில இருந்தே தொடங்குவம்," என்று கையெழுத்திட்டபடியே தொடர்ந்தார் குணேஸ்வரி. "இன்பாஸை இப்பவே இங்க வரச் சொல்லுங்கோ."

ஸஹ்ரா பதறிப்போனாள்.

"ஐயோ டொக்டர், அவர் இங்க வந்தா அங்க வேலைய ஆர் பார்க்கிறது?"