சூசன்னாவின் பாவ அறிக்கை

ஆண்கள் ஆடிக்கொண்டிருந்த சீட்டுக்கட்டை சூசன்னா டெஸ்கி பிடுங்கி அடுப்பில் எறிந்தாளாம். அன்றுதான் ஹட்சன் ஆற்றங்கரையில் எங்கள் மெதடிஸ்ட் சபை பிறந்ததாம். நாளை புது ஆலயத்துக்கு அவள்தான் அடிக்கல் நாட்ட வேண்டும்.

இன்று பாவ அறிக்கைக் கூட்டத்தில் எழுந்தாள்.

"ஐயா, அன்னிக்கு ஆடினதே நான்தான். தோத்த ஆத்திரத்துல எறிஞ்சேன். இருபது வருஷமா இந்தப் பொய்க்குள்ள மூச்சு முட்டுது. என்னை விட்டுடுங்க!"

தலைவர் ஷையர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னா தாழ்மை பாருங்க! செய்யாத பாவத்தைத் தலைல தூக்கிப் போட்டுக்கிறா, புண்ணியவதி!"

"சத்தியமா ஐயா! வேணும்னா இவளைக் கேளுங்க" என்று என்னைக் காட்டினாள்.

சபையே திரும்பிப் பார்த்தது.

"சூசன்னாவுக்கு ராஜா எது, ராணி எதுன்னுகூடத் தெரியாதுங்க" என்றேன்.

வேறென்ன சொல்ல? அன்று அவளை ஜெயித்தவளே நான்தான்!