ஏழு மணி அளவு

காலை ஏழு மணிக்கு மட்டும் மீட்டர் வரம்பைத் தாண்டியது.

மற்ற நேரமெல்லாம் சாதுவாக இருந்தது. இருபத்தேழு நாளாக இதே கதை.

பண்ணையில் நான்கு லட்சம் கோழிகள். எச்சம் ஈரமானால் அம்மோனியா வாயு கிளம்பும்; மீட்டர் அளப்பது அதைத்தான். உலர வைக்கச் சொன்னேன், வைத்தார்கள். விசிறிகளைத் திருப்பச் சொன்னேன், திருப்பினார்கள். பகல் அளவு பாதியாகக் குறைந்தது. ஏழு மணி அளவு மட்டும் அசையவில்லை.

காரணம் தெரியும். விடியும்போது தரையோரக் காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கும். அதன்மேல் சற்றுச் சூடான காற்று, பானைக்கு மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்ளும். கொட்டகைகள் விட்ட வாயு மேலே போக வழியில்லாமல் தரையோடு தவழ்ந்து வரும். வெயில் ஏறினால் மூடி திறந்துவிடும்.

வெயிலைச் சீக்கிரம் வரச்சொல்ல எந்த அதிகாரிக்கும் அதிகாரம் இல்லை.

மீட்டர் இருந்தது என் அக்கா வீட்டுச் சுவரில். பண்ணைக்கு மிக அருகில் ஆள் குடியிருக்கும் வீட்டில்தான் அதைப் பொருத்த வேண்டும் என்பது விதி. அக்கா வீடாயிற்றே, வேறு அதிகாரியைப் போடுங்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கேட்டேன். வேறு அதிகாரி இல்லை என்றார்கள்.

முப்பது நாள் தொடர்ந்து மீறினால் பண்ணையை மூட உத்தரவு போடலாம். வீடு ஒரு நாள் பூட்டிக் கிடந்தாலும் மீட்டர் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அளக்கிறவன் போய்த் தங்கினால் அது குடியிருப்பு ஆகாது. அதையும் விதிப்புத்தகத்தில் தேடிப் பார்த்துவிட்டேன்.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்து இன்ஹேலரை இரண்டாவது முறையாக அழுத்தினாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"அந்தக் கோழிங்க நாலு லட்சம் பேரு, நான் ஒருத்தி. எலெக்‌ஷன் வெச்சா எனக்கு என் ஓட்டாவது விழுமாடா?"

சிரிக்கப் போய் இருமினாள். இருமல் நிற்கவில்லை.

கிளம்பு, நம் வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

"மூணே நாள்தானேடா. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்திடறேன்."

எட்டு மணிக்கு அவளைத் தூக்கித்தான் வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. வீட்டைப் பூட்டிச் சாவியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

அடுத்த வீடு மூன்று கிலோமீட்டர் தள்ளி. வாயு பரவப் பரவ நீர்த்துப்போகும். அதற்கு மூன்று கிலோமீட்டர் தாராளம். அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்பி வந்து, நான்கு திருகுகளைக் கழற்றி, மீட்டரை அந்த வீட்டுக்குக் கொண்டுபோய் விதியில் சொன்ன உயரத்தில் மாட்டினேன்.

மறுநாள் ஏழு மணிக்கு அளவு வரம்புக்குள் இருந்தது.