பச்சைப் படையும் சிவப்புப் படையும்

“இதிலை ஆரை நாங்கள் சுடோணும்?” என்று கேட்டான் மயூரதன், மனைவியின் தோளுக்குப் பின்னால் நின்று கணினித் திரையை எட்டிப் பார்த்தபடி.

“சிவப்புச் சட்டைக்காரர் எதிரியள். பச்சைக்காரர் எங்கடை ஆக்கள்,” என்றாள் தாரிகா.

“எனக்கெண்டா எல்லாரும் ஒரு தாய் பெத்த பிள்ளையள் மாதிரித்தான் கிடக்கு. சண்டையை விட்டிட்டு வீட்டை போகச் சொல்லும்.”

தாரிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தயாரிக்கும் வீடியோ கேமில் வரும் சிப்பாய்களுக்குச் சீருடை வரைந்து கொடுப்பது அவளுடைய வேலை. நிறம் பூசினால் மட்டும் போதாது. துணியின் நெசவு, முழங்காலில் தேய்வு, தோளில் வெயில் குடித்த வெளிறல் எல்லாம் அச்சொட்டாக வர வேண்டும். உரும்பிராயில் வீட்டைச் சுற்றியே தோட்டம் என்பதால், செம்மண்ணைப் படமெடுத்து அதிலிருந்து ஒரு படைக்கும், பச்சைப் புகையிலையைப் படமெடுத்து அதிலிருந்து மற்றப் படைக்கும் நிறம் எடுத்திருந்தாள்.

அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த வேலையை நிறுவனம் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டது. இரண்டு படைகளையும் பிரித்தறிய முடியவில்லை என்ற ஒரு வரிதான் காரணம். மூன்றாம் முறை சிவப்பை இன்னும் சிவப்பாக்கி, பச்சையை இன்னும் பச்சையாக்கி அனுப்பினாள். அன்று காலை அதுவும் திரும்பி வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சரிவராவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்களாம்.

“உவங்களுக்குக் கண்ணிலைதான் ஏதோ பிழை,” என்றாள்.

“பாவம், அவங்கள் சரியாத்தான் சொல்லுறாங்கள்,” என்றான் மயூரதன்.

அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், ஊரறிந்த நக்கல்காரன். கல்யாணமாகி எட்டு மாதத்தில் அவன் வாயில் அகப்படாத விடயம் அந்த வீட்டில் இல்லை. அவள் அவித்த பிட்டை மேசன்மார் கண்டால் மதில் கட்டக் கேட்பார்கள் என்பான். சொதிக்குத் தக்காளிப்பழம் வாங்கி வரச் சொன்னால் காயாகப் பொறுக்கி வந்து, அவசரக்காரிக்குப் பொறுமை பழக்குகிறேன் என்பான். கீரிமலைக் கோயிலுக்கு அரக்குச் சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு வந்தவளிடம், இந்தப் பச்சை உமக்கு நல்ல வடிவு என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. தாயிடம் போனில் முறையிட்டால், நக்கல்காரன் என்று தெரிந்துதானே தலையாட்டினாய் என்று அங்கேயும் சிரிப்புத்தான்.

ஆனால் அன்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“என்ரை வேலை போகப்போகுது. உங்களுக்கு அதிலையும் பகிடி.”

மயூரதனின் முகம் சுருங்கிப் போனது. அப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டான். பின்னேரம் வந்ததும் கதிரையை இழுத்து அவள் பக்கத்தில் போட்டான்.

“நிறத்தை விடும். ஒரு பக்கத்துச் சட்டையை நல்லா வெளிறலாக்கி, அகலமாச் சரிவுக் கோடு போடும். மற்றப் பக்கம் இருட்டா, சாக்கு மாதிரிச் சொரசொரப்பா இருக்கட்டும்.”

கணக்கு வாத்தியார் எப்போது தையல்காரர் ஆனார் என்று இந்த முறை அவள் நக்கலடித்தாள். ஆனாலும் வேறு வழி தெரியவில்லை, அப்படியே செய்தாள். அவள் வேலை முடியும்வரை அவன் கதிரையை விட்டு எழும்பவில்லை. திரையில் இரண்டு படைகளும் ஒன்றோடொன்று மோதியபோது, எதிரி, எங்கடை ஆள், எதிரி என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னான். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. ஒருவழியாகப் பகிடி ஓய்ந்ததே என்று நினைத்துக்கொண்டாள் தாரிகா.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. சீருடைகள் நன்றாக வந்திருக்கின்றன, அடுத்த வேலையும் அவளுக்குத்தான் என்று எழுதியிருந்தார்கள். கடைசி வரிகளை வாசித்தவள் சிரித்துக்கொண்டே அவனைக் கூப்பிட்டாள்.

“இஞ்சேருங்கோ, அங்கை கேமைச் சோதிச்சுப் பாத்த ஆளுக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்டாத்தான் தெரியுமாம். அதை எனக்குச் சொல்ல மறந்து போச்சினமாம். சொல்லாமலே எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள் எண்டு கேக்கினம். எல்லாரும் ஒரே மாதிரி எண்ட உங்கடை பகிடியாலை நான் தப்பினன்.”

மயூரதன் சிரிக்கவில்லை.

“பகிடி இல்லை, தாரிகா. நிறத்தோடை சீவிக்கிற பெட்டை, நிறம் தெரியாதவனுக்கு ஓம் சொல்லமாட்டாள் எண்ட பயத்திலை அப்ப மறைச்சனான். அதுதான் எட்டு மாதமா எல்லாத்தையும் பகிடியாக்கிக்கொண்டு திரியிறன்.”