அழித்து வைத்த புத்தகங்கள்

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் அம்மாவுக்கு எதிரே கல்வி அலுவலர் உட்கார்ந்து, மூத்தவனின் பயிற்சிப் புத்தகங்களைப் புரட்டுகிறார். ஜன்னல் வெயிலில் ஒவ்வொரு பக்கமும் வெள்ளையாகக் கிடக்கிறது. “வருஷம் பூரா என்னம்மா படிச்சான்?” “எல்லாம் படிச்சிட்டான் சார். பென்சில்லதான் எழுதுவான். தங்கச்சிக்கும் அதே புத்தகம் ஆகுமேன்னு அழிச்சு வச்சிடுவோம்.” உள்ளறையில் சரக் சரக்கென்று ஏதோ தேய்க்கும் சத்தம். “எழுதினதைப் பார்க்காம, வீட்டுலயே படிக்கிற அனுமதியை எப்படிம்மா நீட்டிக்கிறது?” அவர் பேனாவைத் திறக்கிறார். மூத்தவன் அம்மாவின் விரல்களை இறுகப் பற்றுகிறான். “கணக்குப் புத்தகம் இருக்கு சார், அதை இன்னும் அழிக்கல” என்று அம்மா பதறி எழுகிறாள். உள்ளே சத்தம் நிற்கிறது. கையெல்லாம் ரப்பர் துகளோடு சின்னவள் ஓடி வந்து கணக்குப் புத்தகத்தை நீட்டுகிறாள். “அம்மா, இதையும் நானே சுத்தமா அழிச்சிட்டேன்!”