இடுப்பில் ஒரு சூடு

"உன்னைப் பெத்ததும் ஒரு பொம்பளதானேய்யா? பீடியால சுட எப்படி மனசு வந்துச்சு?"

நர்ஸ் சண்முகசுந்தரி போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

காசிநாதன் தலையைக் குனிந்து நின்றான். சிலோனிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்து, பெரும்பாறையில் காப்பித் தோட்ட வேலை பார்க்கிறவன். அவன் மனைவி இருளாயி காய்ச்சலில் நினைவு தப்பிப் பெஞ்சில் கிடந்தாள். ஊசி போடச் சேலையைத் தளர்த்தியபோதுதான் இடுப்பில் அந்தக் காயம் தெரிந்தது. வட்டமாக, கறுப்பாக, பீடியை வைத்து அழுத்தின மாதிரி.

"எனக்குத் தெரியாதுங்க..."

"தானா வந்துச்சாக்கும்! சுட்டவனோட இவளைத் திருப்பி அனுப்ப மாட்டோம், பாத்துக்க. பெட்டுல போட்டு டாக்டரம்மாகிட்ட காட்டுவோம். போலீசுக்குச் சொல்லணுமான்னு அவங்க முடிவு பண்ணட்டும். இப்பச் சொல்லு, சுட்டியா இல்லியா?"

காசிநாதன் பெஞ்சில் கிடந்தவளைப் பார்த்தான்.

"ஆமாங்க. நாந்தான் சுட்டேன்."

இருளாயிக்குப் பெட்டு கிடைத்தது. காசிநாதனுக்குக் கிடைத்தது ஏச்சு. மருந்து வாங்க வந்த பெண்கள் அவன் காதுபடவே திட்டினார்கள். வாட்ச்மேன் கழுத்தைப் பிடிக்காத குறையாக வெளியே விரட்டினார். சும்மா சொல்லக் கூடாது, நாலு பேர் முன்னால் ஒரு கெட்டவனைத் திட்டுவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

மறுநாள் காலை டாக்டரம்மா வந்து காயத்தை அமுக்கிப் பார்த்தார். பக்கத்தில் நெறி கட்டியிருந்தது.

"இது சூடு இல்ல சுந்தரி. உண்ணி கடிச்ச புண்ணு. உண்ணிக் காய்ச்சல். இவ காய்ச்சல்னு வந்தப்பல்லாம் நாம வேற மாத்திரைய குடுத்து அனுப்பியிருக்கோம்."

நர்சுக்கு முகம் வெளிறிவிட்டது.

டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். "மூச்சு இழுப்பு வேற இருக்கே. வீட்டுல ஈரமா?"

இருளாயிக்கு நினைவு வந்திருந்தது. "தோட்டத்து லயத்துல, வரிசை வீட்டுல, கடைசிக் காம்பராங்க, ஒத்த ரூமு. மழை பிடிச்சதுலேருந்து சுவரெல்லாம் பூசணம். படுக்கிற பாயிலயும் பூத்துக் கெடக்கு."

"அதான் இழுக்குது." டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "நம்மகிட்ட இருக்கிற பெட்டு நாலு. காய்ச்சல் விட்டதும் அனுப்பித்தான் ஆகணும்."

சண்முகசுந்தரி வாசலுக்கு ஓடினாள். காசிநாதன் கஞ்சித் தூக்கோடு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தான். முழங்கை வரை சுண்ணாம்பு.

"நீ சுடவே இல்லியே! பின்ன ஏன்யா ஒத்துக்கிட்ட?"

"காச்சல்னு எத்தனையோ தடவ தூக்கியாந்தேன் தாயி. மாத்திரைய குடுத்து அந்தக் காம்பராவுக்கே அனுப்பிச்சீங்க. சுட்டேன்னு சொன்னாத்தான் அனுப்ப மாட்டோம்னீங்க."

காசிநாதன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"பூசணத்தச் சுரண்டிட்டு வெள்ளையடிச்சிருக்கேன். சுவரு இன்னும் காயல. ஒரு வாரத்துக்கு நாந்தான் சுட்டேன்னே இருக்கட்டுமே, தாயி!"